மோட்டார் ரூம் சுவர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு எதற்கு இந்த வேலை? இன்று பாலக்கோட்டில், மெக்கானிக் கடையிலிருந்து வந்த சூடான கிரீஸ் வாசம்தான் விடவில்லை.

அந்த வயதில், எங்கள் ஊர்க் கவிஞர் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே மோட்டார் ரூம் சுவரில் கரியால் கவிதை எழுதுவார்; இதே கிரீஸ் வாசத்தோடு மோட்டார் உறும, ஈரச் சுவர் அதிர, அவர் மடை திருப்பப் போன நேரம் பார்த்து அடியில் என் வரி ஒன்றைச் சேர்த்துவிட்டு ஓடுவேன். "டேய், இந்த வரிய எருமகூட மேயாதுடா!" என்று வரப்பிலிருந்து கத்துவார்.

ரோடு போட அந்த ரூமை இடித்துவிட்டார்கள். அவரும் இல்லை. ஊரெல்லாம் கொண்டாடும் அவர் புத்தகங்களில் அந்தச் சுவர்க் கவிதைகள் ஒன்றுகூட இல்லை. என் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன. மறப்பதற்குள் அத்தனையையும் எழுதியே தீருவேன் என்று நண்பன் முருகனிடம் போனில் சொன்னேன்.

"எழுதுடா, ஆனா உன் வரிய அவரு தலையில கட்டிறாத."