சொட்டு அக்கா அடித்த வெள்ளை

பெயிண்ட் கடையில் கலர் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் உண்டு. கடை முதலாளியுடையது, ஸ்டூலும் அவருடையதுதான். ஆனால் அவரே அதில் உட்கார வேண்டுமென்றாலும் அங்கே கலர் கலக்கிற சொட்டு அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இருபத்திரண்டு வருஷத்து உரிமை அது.

அந்தப் பெயர் அவள் வாயால் வந்தது. சுவரிலிருந்து உரித்த நகத்தளவு சில்லு, உடைந்த டைல்ஸ், பழைய சட்டையின் கிழிசல் என்று எதையாவது கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்பார்கள். மெஷின் கிட்டத்தட்ட அதே கலரைக் கலந்து தரும். அந்தக் கிட்டத்தட்டதான் அக்காவுக்கு ஆகாது. விரலில் தொட்டு அட்டையில் தடவி, ஊதிக் காயவைத்து, சில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்குவாள். "இன்னும் ரெண்டு சொட்டு" என்று சிரிஞ்சைக் கையில் எடுப்பாள். ஒரு சொட்டு என்றால் அவள் அகராதியில் ஒரு மில்லி. கடைசியில் சில்லு எங்கே முடிகிறது, பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று தடவித்தான் பார்க்க வேண்டும், அத்தனை சுத்தம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு டின் திரும்பி வந்தது. முதல் டின்னைக் கொண்டுவந்தவர் கொஞ்சம் வம்பு பேசுகிற ஆள், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது டின் ஒரு டீச்சருடையது. படுக்கையறையில் பாதிச் சுவர் அடித்ததும் பெயிண்ட் தீர்ந்துபோய், சில்லு கொண்டுவந்து கொடுத்து வாங்கிப்போனது. "பாதிச் சுவர் ஒரு கலர், மீதி வேற கலரா இருக்குங்க" என்றார் டீச்சர், மெதுவாகத்தான் சொன்னார்.

அக்கா அட்டையையும் சில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. "உங்க வீட்டு டியூப்லைட்டை முதல்ல மாத்துங்க டீச்சர். கலர்ல குத்தம் இல்ல, உங்க வெளிச்சத்துலதான் குத்தம்" என்றாள். கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். டீச்சர் டின்னை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி அன்று சாயங்காலம் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். "கலரை அளக்கற கருவி ஒண்ணு வந்திருக்காம்மா. சுவத்துல வச்சா போதுமாம், நம்பரைச் சொல்லிடுதாம்" என்றார். அப்புறம், "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க லீவு கேட்டுட்டே இருந்தீங்களே, பத்து நாள் எடுத்துக்குங்க. முடிஞ்சதும் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம நானும் வீட்டுக்காரியும் வந்து பாக்கறோம்."

அவர் பிரியமாகத்தான் சொன்னார். அக்கா காதில் அது பரீட்சைக்குத் தேதி குறித்த மாதிரி விழுந்தது. கருவி வந்தால் ஸ்டூல் போகும். ஸ்டூல் போனால் அவள் யார்? ஹாலை அடித்துக் காட்டிவிட வேண்டும், வந்து பார்க்கிறவர் வாயடைத்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அதுவும் வெள்ளை. ஊருக்கெல்லாம் ஆயிரம் கலர் கலந்து கொடுத்தவளுக்குத் தன் வீட்டில் மட்டும் சுத்தமான, மற்ற நிறம் ஒட்டாத வெள்ளை வேண்டும். வெள்ளையை ஒழுங்காகக் கொண்டுவருவதுதான் கஷ்டம் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பெயிண்டர் பழைய ஆள். அவளைவிட நாலு வயது சின்னவர், பேச்சு குறைவு. சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து முடித்தார். முதல் சச்சரவு கதவில் வந்தது. கதவு என்றால் முகம் தெரிகிற பளபளப்பு வேண்டும் என்று இருபது வருஷமாக ஊருக்கு உபதேசம் செய்தவள், அடித்த பளபளப்பைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"கண்ணைக் குத்துது. பளபளப்பில்லாம மேட்டா அடிங்க."

"நீங்கதானேக்கா கதவுக்கு மேட் அடிக்கறவன் சோம்பேறின்னு சொல்லுவீங்க?"

"அப்ப சொன்னேன். இப்ப இதைச் சொல்றேன்."

பெயிண்டர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கதவோடு உட்கார்ந்துவிட்டார்.

முதல் தடவை ஹால் சுவரில் வெள்ளை காய்ந்தபோது அக்கா கிட்டப் போய் விரலால் தடவிப் பார்த்தாள். பழைய காகிதம் மாதிரி மஞ்சள். வெள்ளையில் மஞ்சள் தட்டினால் நீலம் விட்டால் அடங்கும், பெயிண்டுக்கு அது பாலபாடம். அடுத்த வாளியில் சிரிஞ்சால் நீலம் விட்டாள். அடித்தார்கள், காய்ந்தது. இன்னும் மஞ்சள்தான். பட்டி சரியில்லை என்றாள். கம்பெனி ஏமாற்றுகிறது என்றாள். ஹாலில் இருந்த மூன்று பல்பையும் கழற்றிவிட்டுப் புது பல்பு போட்டாள். பல்பு மாற்றியும் ஆகவில்லை, ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள், ஒரு நாளைக்கு இருபது தடவை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்கு ஆடவும் தெரியும், அதுதான் வேதனை.

வீட்டில் அவளைத் தவிர இரண்டே பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக், சண்டை என்றால் மூன்று மாடிக்கு அந்தப்பக்கம் போய்விடுகிற சுபாவம். மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

"ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்து படிக்கற மாதிரி இருக்கும்மா" என்றாள் மகள்.

"வெள்ளைன்னா குளிர்ச்சியாத்தான் இருக்கும். என்னங்க, நீங்க சொல்லுங்க, மஞ்சளா இல்ல?"

கணவர் சுவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் டீ டம்ளரைப் பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கலர் விஷயத்தில் அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் இதுவரை யாரும் இல்லை. பூனைக்கு மணி கட்ட அந்த வீட்டில் ஆள் கிடையாது.

அவளுக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை, நின்றால் கால் தரிக்கவில்லை. காலை வெயிலில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு போட்டு ஒரு தடவை என்று அதே சுவர் முன்னால் போய் நின்றாள். சாப்பிடும்போது தட்டோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முதலாளி வருவதற்கு நாலு நாள்தான் இருந்தது. பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கோபம் என்று சொல்லிக்கொண்டாள். அந்தக் கோபமெல்லாம் பெயிண்டர் தலையில் விழுந்தது.

மூன்றாவது வாளியை அவளே கலக்கினாள். ரெண்டு சொட்டு விட்டுப் பார்ப்பாள், கட்டையால் கிளறுவாள், அட்டையில் தடவுவாள், தலையை ஆட்டுவாள். இன்னும் ரெண்டு. இன்னும் ரெண்டு. நடுவில் கொஞ்சம் ஊதாவும் விட்டாள். பெயிண்டர் சொட்டுக்கு ஒன்றாக வாளி மூடியில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். பெயிண்ட் பற்றாமல் போனால் இன்னொரு வாளி இதே மாதிரி கலக்க வேண்டுமே என்கிற வழக்கமான முன்ஜாக்கிரதை. அவள் எண்ணவில்லை. அவளுக்கு எண்ணம் முழுக்க மஞ்சள்மேல் இருந்தது.

"அக்கா, நீலம் தட்டுதே" என்றார் அவர் ஒரு தடவை.

"யாருகிட்ட கலர் பேசறீங்க?"

அதோடு அவர் ரோலரை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவர் காய்ந்தது. அக்கா அடுப்படியிலிருந்து வந்து வாசல்படியில் நின்றாள். வெள்ளை. மஞ்சள் துளிகூட இல்லாத, வெளுத்த துணி மாதிரி வெள்ளை. பத்து நாளில் முதல்முறையாக நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "வரட்டும், அவரு வரட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெயிண்டருக்குத் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

பெயிண்டர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒரு கணக்கு கேக்கணும். இருபது லிட்டர் வெள்ளை. அதுல நீலம் எழுபது சொட்டு, ஊதா பத்து சொட்டு. என்ன கலர் வரும்?"

அக்கா சாய்ந்தபடியே, யோசிக்கக்கூட இல்லாமல் சொன்னாள். "நல்ல நீலம் வரும். கொஞ்சம் ஊதா அடிக்கும். சின்னப் பசங்க ரூமுக்குக் கேப்பாங்க. ஹாலுக்கெல்லாம் வேணாம்னு சொல்லிடுங்க, பளீர்னு இருக்கும். யாரு கேட்டாங்க?"

பெயிண்டர் எழுந்துபோனார். வாளி மூடியை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

கோடுகள் ஐந்தைந்தாகக் கட்டியிருந்தன. நீலத்துக்குப் பதினாலு கட்டு. ஊதாவுக்கு இரண்டு. அவள் விரலை வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். சுவரை நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. மூடியைப் பார்த்தாள். கண் ஒன்று சொல்கிறது, கணக்கு ஒன்று சொல்கிறது. கணக்கு பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

"இது நீலமா?" என்று கேட்டாள். கடைக்கு வருகிற ஆட்கள் கேட்கிற மாதிரி, தெரியாமல் கேட்டாள்.

"ஆமாக்கா."

"முதல்ல அடிச்சது?"

"அது நல்ல வெள்ளைக்கா. அப்பவே வெள்ளைதான்."

அவள் மகளைக் கூப்பிட்டாள். வேலையிலிருந்து வந்த கணவரையும் கூப்பிட்டாள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில் ஒன்றுதான். ராத்திரி சமையல் யார் செய்தார்கள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. டீச்சர் டின்னை மேசைமேல் வைத்தது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சில்லும் அட்டையும் ஒன்றாகத் தெரிந்ததே, அப்படியானால் வருஷமெல்லாம் எத்தனை வீட்டில், எத்தனை சுவரில்? கேட்க வாய் வராமல் அடித்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்?

ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் அவர் மனைவியும் வந்தார்கள். "நல்ல நீலமா எடுத்திருக்கீங்க" என்றார் அந்த அம்மா, மரியாதைக்கு.

சும்மா இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். நீலம்தான் ஆசைப்பட்டு அடித்தேன் என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"வெள்ளைன்னு நெனச்சு அடிச்சேங்க. இப்பவும் எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. திரும்பி வந்த ரெண்டு டின்னும் என் தப்புதான்" என்றாள்.

முதலாளி சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "முதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க" என்றார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் சிரிஞ்சைத் தொடாதீங்க. கருவி வாங்கத்தான் போறேன், மறைக்கல. ஸ்டூல் இருக்கற எடத்துலயே இருக்கும்" என்றார்.

கண்புரை என்றார் டாக்டர். வயசுக்குக் கொஞ்சம் முந்தியே வந்துவிட்டது. உள்ளே இருக்கும் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டதாம். "இத்தனை நாள் மஞ்சக் கண்ணாடி போட்டுட்டுதான் பாத்திருக்கீங்க. கொஞ்சம் கொஞ்சமா வர்றதால தெரியாது. வெளிச்சம் கூசியிருக்குமே?" அக்கா கதவை நினைத்துக்கொண்டாள். பெயிண்டர் நாள் முழுக்கத் தேய்த்த கதவு.

வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன். இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்துத் தேதி. கட்டைப் பிரித்துச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மகள், "சொட்டு அக்காவுக்கே சொட்டு மருந்தா" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஹாலைப் பார்த்ததும் அக்காவும் சிரித்துவிட்டாள். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். இதற்குள்ளேயா இந்த இரண்டு பேரும் மூன்று வாரமாக ஒரு குறையும் சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? சிரிப்பு பாதியில் நின்றுபோய் அழுகை வந்தது.

டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன அன்று அவள் கடைக்குப் போகவில்லை. விலாசம் விசாரித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் கதவைத் திறந்து அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலரவில்லை. ஆனாலும் "உள்ள வாங்க" என்றார்.

படுக்கையறையில் பீரோவை நகர்த்திச் சுவரின் நடுவில் போட்டிருந்தார்கள். இரண்டு கலரும் சேருகிற இடத்தை மறைப்பதற்கு. பீரோவுக்கு மேலே கூரைவரை மறைக்க முடியவில்லை. அக்கா உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். ஒரே சுவர், ஒரே கலர், சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவாள். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள். பீரோவின் தலையிலிருந்து கூரைவரை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, இந்தப்பக்கம் இளம் சந்தன நிறம், அந்தப்பக்கம் நீலம் ஏறிச் செத்துப்போன ஒரு சாம்பல். மறுபடி ஒரு தடவை மாற்றிப் பார்த்தாள். டீச்சர் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. புதுசு, கம்பெனி ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை.

"நீங்க சொல்லிட்டீங்களேன்னு மாத்திப் பாத்தேன்" என்றார் டீச்சர்.

அக்கா கையைக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

"பழைய லைட்டுலயும் ஒரு குத்தமும் இல்ல டீச்சர்" என்றாள்.