சொந்தத் தீர்ப்பைக் கூண்டில் ஏற்றியவர்

இருபத்திரண்டு வருடம் அந்த நீதிபதி அம்மாவின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து தட்டச்சு செய்தவன் நான். அவர் சொன்ன தீர்ப்பெல்லாம் என் விரல் வழியாகத்தான் தாளுக்குப் போயிருக்கிறது. அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. இல்லை என்பவர்கள் வழக்குப் போடட்டும்.

வக்கீல்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'அப்புறம்'. யாராவது நீட்டி முழக்கிவிட்டு மூச்சு வாங்கினால், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "அப்புறம்?" என்பார். பாதிப் பேருக்கு அதோடு சரக்கு தீர்ந்துவிடும்.

சனிக்கிழமைகளில் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார். மற்ற நீதிபதிகள் அங்கே போனால் தங்கள் பிரமாதமான தீர்ப்புகளைப் பற்றி அளப்பார்கள். இவரோ ஒன்பது வருடமாக, ஆண்டின் முதல் வகுப்புக்குத் தான் கோட்டைவிட்ட வழக்கைத்தான் எடுத்துப்போனார். ஒரு கிடங்குக் காவலாளி சாமான் திருடியதைக் கண்ணால் பார்த்ததாக உடன் வேலை செய்தவன் சாட்சி சொன்னான். அம்மா நம்பினார், காவலாளி சிறைக்குப் போனார். சாட்சி அன்று வேலைக்கே வரவில்லை என்பது வழக்குக் கட்டில் இருந்த வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது. மேல்முறையீட்டில் அது வெளிவருவதற்குள் பதினான்கு மாதம் போய்விட்டது.

"இதை எழுதினது நான்தான். எங்க சறுக்கினேன்னு கண்டுபிடிங்க" என்று மாணவர்களிடம் தீர்ப்பை நீட்டுவார்.

இந்த வருடம் கல்லூரி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது தலைமை நீதிபதி கூப்பிட்டனுப்பினார். கோப்போடு நானும் போனேன்.

"உங்க தப்பை நீங்களே கடை விரிச்சா நாளைக்கு நம்மளை எவன் மதிப்பான்?"

"அந்தக் காவலாளி எப்படி மதிப்பாரு சார்?"

"பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேர்தான் முதல்ல இருக்கு. அந்த ஒரு வகுப்பை மட்டும் விட்டுருங்க."

"பேரை அடிச்சிருங்க சார். பேனா வேணுமா?"

அம்மாவின் கணவர், மருந்துக்கடைக்காரர், சேதி கேட்டதும் சொன்னார்: "இந்தப் பிடிவாதம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"இன்னும் சீக்கிரமா கட்டியிருப்பேன்."

பெயரை அடித்தேவிட்டார்கள். சனிக்கிழமை அம்மா வழக்கம்போல் வகுப்புக்குப் போனார். வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு நானும் போனேன். மேலிடத்திலிருந்து போன் வந்திருக்கும் போல. கல்லூரி முதல்வர் கடைசி வரிசையில் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தப்புக்குப் பொறுப்பு யாரு?" என்று கேட்டு, கரும்பலகையில் 'நீதிபதி' என்று முதலில் அம்மாவே எழுதினார். மாணவர்கள் காவலாளியின் வக்கீல் என்றார்கள், அரசு வக்கீல் என்றார்கள். அவற்றையும் எழுதினார்.

"இன்னும்?"

நான் எழுந்து நின்றேன்.

"நான்மா. சாட்சி சொன்னதையும் நான்தான் அடிச்சேன், பதிவேட்டு நகலையும் நான்தான் அடிச்சேன். தேதி இடிக்குதுன்னு அன்னிக்கே தெரியும்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஒன்பது வருடத்தில் நான் இதை அவரிடம் சொன்னதே இல்லை.

"அப்புறம்?"

"நமக்கேன் வம்புன்னு இருந்துட்டேன்மா."

அவர் திரும்பி, பட்டியலின் கடைசியில் 'தட்டச்சர்' என்று எழுதினார். முதல்வர் பதறி எழுந்தார்.

"போதும்மா, இதெல்லாம் வெளியில போனா அசிங்கம். வகுப்பை முடிச்சுக்கலாம்."

அம்மா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"உக்காருங்க சார். நான் இன்னும் பேசி முடிக்கல."