சப்டைட்டில் வராத செவ்வாய்க்கிழமைகள்

போனை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்தால், தாய்லாந்து சீரியலில் பெய்யும் மழை அந்த டப்பாவுக்குள்ளேயே பெய்வது போலச் சலசலக்கும். ஜன்னலில் ரோஸ் கலர் திரை. மத்தியான வெயில் அதன் வழியாக வந்து அறை முழுக்க ரோஸாகிவிடும்...

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ் வேலை பார்த்த காலம். பின் தெருவில் லேடீஸ் பி.ஜி. மூன்றாவது மாடி அறையில் நானும் பூங்கொடியும். நான் பத்ராவதிக்காரி, வாயில் கன்னடம்தான் முதலில் வரும். அவள் மார்டள்ளிக்காரி; கொள்ளேகாலுக்கு அப்பால், காட்டோரத் தமிழ் ஊர். விவசாயக் குடும்பம். யார் பேசினாலும் குறுக்கே புகுந்து கேள்வி கேட்பாள்.

சீரியலை நான்தான் கண்டுபிடித்தேன். தாய்லாந்து சீரியல். காலேஜ் பையன்கள் இரண்டு பேர், ஒருவன் உயரம், ஒருவன் குட்டை. முதல் எபிசோடில் முறைத்துக்கொள்வார்கள், இரண்டாவதில் ஒரே குடையில் நடப்பார்கள், மூன்றாவதில் பார்க்கிற நமக்கே வெட்கம் வரும். வில்லன் கிடையாது. யாரும் சாக மாட்டார்கள். மிஞ்சிப்போனால் யாருக்காவது காய்ச்சல் வரும்.

முதல் நாள் பூங்கொடி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது சட்டென்று போனைக் கவிழ்க்கப் போனேன்.

"ஏம் புள்ள, ரெண்டு பேருமே பசங்களா?"

"ம்... ஆமா."

கட்டிலில் முட்டியை ஊன்றி ஏறினாள்.

"செரி, நவுரு. இதுல யாரு மொதல்ல வாயத் தொறப்பாங்க?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரே தலையணையில் இரண்டு தலை.

திங்கட்கிழமை சாயங்காலம் எபிசோட் வரும். யாரோ ரசிகர்கள் ஆங்கில சப்டைட்டில் போட்டு ஏற்றுவதற்குப் புதன்கிழமை ஆகிவிடும். எங்கள் கடைக்கு லீவு செவ்வாய்க்கிழமை. யாரால் காத்திருக்க முடியும்? தாய்லாந்து மொழியில் ஒரு எழுத்தும் தெரியாமல் செவ்வாய் மத்தியானமே பார்ப்போம். வசனத்தை நாங்களே பேசிக்கொள்வோம். உயரமானவனுக்கு அவள் குரல், குட்டையனுக்கு என் குரல்.

"எல்லா வரிக்கும் கடைசில 'க்ராப்'னு முடிக்கறாங்க பாரு. நம்மூரு 'ங்க' மாதிரிதான்" என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அதனால் அந்த உயரமான அழகன் மழையில் நனைந்துகொண்டு, "ஏனுங்க, நம்ம மக்காச்சோளத்துல யானை பூந்துருச்சுங்களாமா" என்பான்.

"அய்யோ, ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு போன் மாடி சொல்லுங்க" என்பேன் நான், குட்டையனாக, கன்னடம் கலந்து.

அவள் வீட்டிலிருந்து வந்த சேதியெல்லாம் அவன் வாய் வழியாகத்தான் வரும். தம்பி பைக் கேட்டது, ஆடு குட்டி போட்டது, எல்லாம். புதன்கிழமை சப்டைட்டிலோடு பார்த்தால், 'உன் தலை நனைந்திருக்கிறது' என்றுதான் சொல்லியிருப்பான். ச்சே, இவ்வளவுதானா என்று இருக்கும்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ஃப்ரெண்டாகவா, அதற்கு மேலா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். இப்போது சொல்கிறேன்... அதற்கு மேல்தான்.

சீரியல் முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை ஹனூர் பக்கம். அவளுக்குச் சம்மதமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசி எபிசோட் வந்த வாரம்தான் வேலையை விட்டாள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கொள்ளேகால் பஸ். பை கட்டி வாசலோரம் வைத்தாகிவிட்டது. கிளம்புவதற்குள் எபிசோடைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

கடைசிக் காட்சி. ஹாஸ்டல் கேட். உயரமானவன் நின்று ஏதோ மெதுவாகப் பேசுகிறான். பூங்கொடி போனைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஊருல எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க. எனக்குப் போவ மனசில்ல. நீ ஒரு வார்த்தை 'இரு'ன்னு சொல்லு... பைய எறக்கி வெச்சுட்டு, வேண்டாம்னு சொல்லிப்புடறேன்."

அன்று 'ஏனுங்க' வரவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. எப்போதும் போல வீட்டுச் சமாச்சாரத்தை அவன் வாயில் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். குட்டையன் முறை வந்தது.

"போய்ட்டு வாங்க. கல்யாணத்துல பிரியாணி உண்டா?" என்றேன்.

அவளும் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். ஆட்டோ வந்தது, போனாள்.

புதன்கிழமை சப்டைட்டில் வந்தது. அந்த இடத்தில் உயரமானவன் சொன்னது: 'லேப்பில் குடையை மறந்துவிட்டாய். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.'

மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். மூன்று தடவையும் குடைதான். அவள் 'ஏனுங்க' போடாதது அப்போதுதான் உறைத்தது.

அவளுக்குப் போன் போட எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். பயம், வேறென்ன? கல்யாணத்துக்குப் போய், பட்டுப்புடவை கட்டி, ஃபோட்டோவில் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. எபிசோடோடு சப்டைட்டிலும் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட சீரியலை நான் இப்போது வேலை பார்க்கும் ஆபீஸ் பொண்ணுங்க சத்தமாகவே பேசிச் சிரிக்கிறார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. வசதிதான்.

போன மாதம் பூங்கொடி கூப்பிட்டாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாளாம். பேச்சுக்கு நடுவில் திடீரென்று கேட்டாள்.

"அந்தக் கடைசி எபிசோடு... ஊருல அப்ப நெட்டே இல்ல, நான் மறுக்கா பாக்கவே இல்ல. கேட்டுக்கிட்ட நின்னு அவன் நெசமா என்னதான் சொன்னான்?"

"நீ சொன்னதையேதான் சொன்னான்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"அதுக்கு இன்னொருத்தன்?"

"'இரு'ன்னு சொன்னான்" என்றேன்.

"செரி" என்றாள். அப்புறம், "செரி புள்ள, சோறு எறக்கோணும்" என்று வைத்துவிட்டாள்.