பெரியம்மாவுக்காக ஒரு வேண்டுதல்

பங்குனித் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டிருக்கும் வீட்டுக்குள் எல்லாரும் நுழைந்துவிட முடியாது. குடுமியான்மலை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய எங்கள் ஊரில், இரண்டு வகையினருக்குத்தான் அனுமதி. ஒன்று, இன்னும் வயசுக்கு வராத பிள்ளைகள். மற்றது, மாதவிலக்கு நின்றுபோன பெண்கள். நடுவில் இருப்பவர்கள் வெளியே நின்று கும்மி அடித்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதனால் ஏகப்பட்ட மவுசு.

பெரியம்மாவுக்கு, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவிக்கு, அந்த வருஷம்தான் முதல்முறை அனுமதி கிடைத்தது. நாற்பத்தாறு வயது. ஏழு மாதமாக ஒன்றுமில்லை. குழந்தையும் இல்லை. பெரியப்பா சவூதியில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனால் பிள்ளை எங்கிருந்து பிறக்கும் என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள். திருவிழா முடிந்ததும் அவர் ஒரேயடியாக ஊருக்கு வருவதாகச் செய்தி வந்திருந்தது. “இனிமே வந்து என்ன பண்ண? எல்லாந்தான் முடிஞ்சு போச்சே” என்று சிரித்துவிட்டு, பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த இருட்டு அறை இப்போதும் என் கனவில் வரும். சன்னல்களைச் சாக்கால் அடைத்திருப்பார்கள். ஈர மண்ணும் சாணமும் வைக்கோலும் கலந்த வாசனை. வெளிச்சமே படாமல் பயறு முளைத்து, வெளிர் மஞ்சளாக நீண்டு நிற்கும். நான் அகல் விளக்கைப் பிடிக்க, பெரியம்மா தண்ணீர் தெளிப்பாள். பேசக் கூடாது. அங்கே நின்றால் காலையா மாலையா என்றே தெரியாது; வெளியே ஓர் ஊர் இருக்கிறதா என்றுகூடச் சந்தேகம் வரும்.

ஆறாம் நாள் சாயங்காலம் பெரியம்மா அந்த வீட்டு வாசற்படியில் சட்டென்று நின்றாள். செம்பை என் கையில் கொடுத்தாள்.

“ஆத்தா, நீயே போயி தெளிச்சிட்டு வா. நான் உள்ள வரக்கூடாது.”

நான் தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கொல்லையில் அம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். “அடி ஆத்தி! ஏழு மாசங் கழிச்சு, இந்த நேரம் பாத்தா தூரமாகணும்? நின்னுபோச்சுன்னு நம்பித்தானேக்கா முளைப்பாரி போட்டீங்க?”

பெரியம்மா துவைகல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “நின்னுபோகலடி, நின்னுபோகல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முளைப்பாரி சுமக்க முடியாமல் போய்விட்டதே என்று அழுகிறாள், பாவம் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவளுடைய முளைப்பாரியை நான்தான் சுமந்தேன். ஊருணிக்குப் போகும் வழியில், தெருக்கோடியில் அவள் ஒதுங்கி நின்றாள். முகம் கல்யாணப் பெண் மாதிரி பளிச்சென்று இருந்தது. துக்கத்தை அடக்கிக்கொண்டு எனக்காகச் சிரிக்கிறாள் என்று பட்டது. மனசு கேட்கவில்லை. முளைப்பாரியைத் தண்ணீரில் விடுமுன் கண்ணை இறுக மூடி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்: தாயே, எங்க பெரியம்மாவுக்கு இனிமே தூரமே வரக்கூடாது. அடுத்த வருசம் அவங்களே முளைப்பாரி தூக்கணும்.

பெரியப்பா வந்தார். இருவரும் புதுக்கோட்டைக்கு லேடி டாக்டரைப் பார்க்க அடிக்கடி போய்வந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை தூரம் வந்ததாம். பிறகு மூன்று மாதம் கழித்து ஒருமுறை. அதோடு சரி. இதெல்லாம் நான் வளர்ந்தபின் அம்மா சொன்னது.

அடுத்த பங்குனியில் பெரியம்மாவே முளைப்பாரி சுமந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் ஓடி, “பெரியம்மா, ஒங்களுக்கு இனிமே தூரம் வரவே கூடாதுன்னு போன வருசம் நான்தான் அம்மன்ட்ட வேண்டிக்கிட்டேன். பலிச்சிருச்சு பாத்தீங்களா!” என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் “நடங்க, நடங்க” என்று சத்தம் போட்டார்கள். ஒரு கையால் முளைப்பாரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் கன்னத்தைத் தடவினாள்.

“நல்லா வேண்டிக்கிட்ட ஆத்தா” என்றாள்.

அன்று பூராவும் பெருமையில் என் கால் தரையில் பாவவில்லை.