பூட்டிக் கிடக்கும் கிளென்வாரி

உடப்புசல்லாவைக்குப் போகும் பஸ் மூடுபனியில் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே 'கிளென்வாரி தோட்டம்' என்ற பலகை. அதன் அடியில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஓர் அக்கா. கூச்சத்தை விட்டு, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறேன்.

"அது ஸ்கொட்லாந்துல ஒரு கிராமங்கண்ணே. போன மாசம் அங்கருந்து ஒரு வெள்ளக்காரர் வந்தாரு. அவரு இங்கிலீசுல பேசினத தோட்டத்துக் கிளாக்கரய்யாதான் எங்களுக்கு எடுத்துச் சொன்னாரு. ஆடு வளக்கணும்னு அந்தக் காலத்துல சனத்த வெரட்டிட்டாங்களாம். மிச்சம் இருந்தவங்களும் டவுனுக்குப் போயிட்டாங்களாம். கல்லு வீடுங்க பூட்டிக் கெடக்குதாம்."

"ஆளே இல்லையா?"

"இல்லையாம். இங்க லயத்து வரிசை வீட்டுல ஒரே காம்பராவுல நாங்க ஏழு பேரு. தை மாசம் மருமக வேற வர்றா. ஒரு வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்கன்னேன். அந்தாளு சிரிச்சிட்டாரு."

நானும் சிரிக்கிறேன்.

"நெசமாத்தான் கேட்டேங்க" என்கிறார்.

பஸ் நகர்கிறது. பனிக்குள் ஸ்கொட்லாந்தின் அந்தப் பூட்டிய கல்வீடுகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு கூரையிலிருந்து புகை எழும்புகிறது. புது மருமகள் அடுப்பு மூட்டிவிட்டாள் போலிருக்கிறது.