வெறும் வயிற்றில் கட்டிய வரம்பு

பரமலிங்கத்தின் கைகள் மண்வெட்டியை விடவில்லை. ஈரமண்ணைக் கட்டிகட்டியாக வெட்டினார், வரம்பில் போட்டார், மண்வெட்டியின் முதுகால் அடித்து இறுக்கினார். அன்று கந்தசஷ்டியின் ஆறாம் நாள். அத்தனை நாளும் அவர் சோறு தொடவில்லை. பின்னேரப் பூசைக்குப் பிறகு தீர்த்தமும் ஓர் இளநீரும்தான். மற்ற விரதகாரர் கோயில் மண்டபத்தில் சுருண்டு கிடந்தார்கள். இவர் முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் வயலில், உச்சி வெயிலில் நின்றார்.

காரணம் செல்வநாயகம். இரண்டு பேருடைய தகப்பன்மாரும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் அடுத்தடுத்த காணி எடுத்தவர்கள். நடுவில் ஒரு வரம்பு. ஒவ்வொரு காலபோக விதைப்புக்கும் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் அதைச் சீவுவார். சீவியவர் வயல் ஒரு சாண் அகலும். பரமலிங்கமும் சீவியவர்தான். அவரை நல்ல மனிதர் என்று நான் எழுதமாட்டேன். செல்வநாயகம் போகும் செத்தவீட்டுக்கு இவர் போகமாட்டார். சொந்தத் தம்பியோடு வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை பிடித்து, அவன் பிள்ளையின் கலியாணத்தையும் பார்க்காதவர்.

இந்த முறை செல்வநாயகம் நேரம் பார்த்துச் செய்தான். பரமலிங்கம் கோயிலில் பட்டினி கிடக்கும் நாட்களில் வரம்பை நன்றாக வழித்துவிட்டான். பரமலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரி வந்து சொன்னதும் மனிதர் மண்டபத்திலிருந்து எழும்பி, நேரே வயலுக்குப் போனார்.

செல்வநாயகம் தன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்ன பரமலிங்கம், சாப்பிடாமக் கிடந்து என்ர காணிக்க விழுந்து சாகப் போறியோ? பிறகு ஆர் உன்னைத் தூக்கிறது?"

"உன்னைப் புதைச்சிட்டுத்தான்டா நான் சாவன்."

அந்த வாய்க்கொழுப்போடு வெயில் சாயும்வரை வெட்டினார். பிறகு தொடை இரண்டும் கல்லாக இறுகின. மண்வெட்டியை ஊன்றி ஊன்றி வீட்டுக்கு வந்து, வேலியோரம் சிறுநீர் கழித்தார். பால் விடாத கடும் பிளேன்டீயின் நிறம்.

விமலேஸ்வரி என்னிடம் ஓடி வந்தாள். நான் முன்பு வயோதிபர் இல்லத்தில் நோயாளர் பராமரித்தவள் என்பதால், இந்த ஒழுங்கையில் யாருக்கு என்ன வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போனபோது பரமலிங்கம் கதிரையில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தொடையைத் தொட்டேன். கத்தினார்.

"அக்கா, அவன் ஏதோ செய்வினை செய்விச்சுப் போட்டான். வரம்புக்க மந்திரத் தகடு தாட்டிருக்கிறான். பூசாரியைக் கூப்பிடுங்கோ," என்றார்.

"தகடுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. உனக்கு நீயே செய்தது."

அவருக்கு விளங்குகிற மாதிரி அடுப்பை வைத்துச் சொன்னேன். தசையும் அடுப்புத்தான். நாங்கள் தின்கிற சோறும் பிட்டும் சர்க்கரையாகி, கொஞ்சம் தசையிலும் கொஞ்சம் ஈரலிலும் சேர்ந்திருக்கும். அது காய்ந்த தென்னம் பன்னாடை மாதிரி, உடனே பற்றும். மண்வெட்டி ஓங்குகிற வேலைக்கு அந்த நெருப்புத்தான் வேண்டும். பட்டினி கிடந்தால் அது தீர்ந்துபோகும். பிறகு இருப்பது உடம்புக் கொழுப்பு. அது பாலைமரக் கட்டை. நெடுநேரம் எரியும், ஆனால் காற்று நிறைய வேண்டும், மெல்லத்தான் எரியும். கோயிலில் சும்மா இருப்பவனுக்கு அது போதும். விரதகாரரை மண்டபத்தில் இருத்தி வைத்தவர்கள் ஒன்றும் விளங்காதவர்கள் இல்லை. கட்டையை வைத்துக்கொண்டு பன்னாடை வேலை செய்தால் தசை தாங்காது. நார் உடைந்து, அதன் சிவப்புச் சாயம் இரத்தத்தில் இறங்கும். தண்ணீரும் குடிக்காவிட்டால் அந்தச் சாயம் சிறுநீரகத்தை அடைக்கும். வேலியோரம் போனது அந்தச் சாயந்தான்.

"இப்ப தண்ணி குடி. உடனே ஆசுப்பத்திரிக்குப் போகவேணும்."

"சூரன்போர் முடிய முந்தியோ? ஒரு சொட்டும் வாயில வைக்க மாட்டன். விடியப் பாரணை, விரதம் முடிஞ்சிடும். அதுமட்டும் பொறுப்பன்."

"உன்ர சிறுநீரகத்துக்குப் பாரணை தெரியாது. விடியுமட்டும் அது இருக்காது."

"முருகன் பாப்பார்."

விமலேஸ்வரி அழுதாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையளை நினைச்சாவது..." என்றாள். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த ஆளிடம் பிள்ளை, பாசம் என்று கதைத்துப் பயனில்லை. அவரை இத்தனை வருடம் நடத்தியது எது என்று எனக்குத் தெரியும்.

"சரி, கிட," என்றேன். "நீ செத்தா நாளைக்குச் செல்வநாயகத்துக்குத்தான் பாரணை. விமலேஸ்வரி உன்ர எட்டாம் நாள் கிரியைச் செலவுக்கு அலைவாள். அவன் ஆறுதலா வரம்பு முழுக்கச் சீவுவான். உன்ர செத்தவீட்டுக்கும் வருவான், முன் வரிசையில கதிரை போட்டு இருப்பான்."

பரமலிங்கம் என்னைக் கொல்கிற மாதிரிப் பார்த்தார்.

"நாசமாப் போவான்," என்றார். பிறகு, "விமலா, தண்ணி கொண்டா."

செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார். ஓட்டோவில் ஏற்றினோம். ஆசுப்பத்திரியில் இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று டொக்டர் ஏசினார். பரமலிங்கம் அவரோடும் சண்டைக்குப் போனார். அதைக் கண்டபிறகுதான் ஆள் தப்பிவிடுவார் என்று நான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, ஊரில் விரதகாரர் பாரணைச் சோற்றுக்குக் குந்தியிருந்த நேரம், விமலேஸ்வரி குசினியில் தனியே இருந்து பிட்டும் வாழைப்பழமும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். போத்தல் தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்தாள். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

புருசன் கட்டிய துண்டில் பாதியைச் செல்வநாயகம் ஏற்கெனவே வழித்திருந்தான்.

"அண்ணை எங்க?" என்றான் இளித்துக்கொண்டு. "முருகனிட்டப் போய்ச் சேர்ந்திட்டாரோ?"

"அவர் சாப்பிடாம வந்தவர். நான் சாப்பிட்டிட்டு வந்திருக்கிறன்."

போத்தலை வரம்பில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். முதல் கட்டியை அவன் பக்கத்து மண்ணிலிருந்தே வெட்டினாள்.