பம்புத் தோலுக்குத் தடவாத எண்ணெய்

தெமோதரையில் ரயிலுக்குச் சுரங்கம் குடைந்தபோது, ஊற்றுநீர் இறைக்கும் கைப்பம்பு என் பொறுப்பில் இருந்தது. அதனுள் இருக்கும் தோலுக்குத் தினமும் எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்தால் சுருங்கிவிடும், புதுத் தோல் கொழும்பிலிருந்து வரவேண்டும். நானோ அந்த எண்ணெய்ப் புட்டியைத் தீபாவளிக் குளியலுக்கு லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

லீவு முடிந்த காலை, என் மச்சானும் இன்னும் இருவரும் உள்ளே பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பும் வழியிலிருந்த பள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. கத்திக் கூப்பிட்டேன், உளிச் சத்தத்தில் கேட்கவில்லை. பம்பை அடித்தேன். அது வெறும் காற்றை இழுத்து மூச்சு வாங்கியது. நான் அதைவிட வாங்கினேன்.

"கதிர்காமத்து முருகா, கிடா வெட்டுறேன்!"

"முருகனுக்குக் கிடாயா? எண்ணெயக் கொண்டாங்கண்ணே!" என்றான் என்னோடு பம்பு அடிப்பவன்.

மிச்ச எண்ணெயை அன்று காலைதான் தலையில் வழித்திருந்தேன். தோலைக் கழற்றி ஈரத்தில் பிசைந்து, என் குடுமியிலேயே தேய்தேயென்று தேய்த்தோம். மாட்டி அடித்ததும் பம்பு பிடித்துக்கொண்டது.

அதற்குள் கழுத்துவரை ஏறியிருந்த தண்ணீர் இறங்க, மூவரும் நெஞ்சளவு நீரைக் கடந்து வந்தார்கள். அப்புறம்தான் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. மச்சான் என் குடுமியைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில், பம்புக்குப் போக மிஞ்சிய எண்ணெயும் இறங்கிவிட்டது.